சா ஃபில்டரை எடுத்துவிட்டால் மிக்சர் என்ன ஆகும்: ஒரு 3ஜி ரிசீவரின் நிகழ்வு ஆய்வு

3ஜி கைபேசி பேசிக்கொண்டே கேட்கிறது. பேண்ட் 1-இல் அது 1920 முதல் 1980 மெகாஹெர்ட்ஸ் வரை அனுப்புகிறது, அதே நொடியில் 2110 முதல் 2170 மெகாஹெர்ட்ஸ் வரை வாங்குகிறது. இரண்டுக்கும் இடையே 190 மெகாஹெர்ட்ஸ்தான் தூரம், ஆன்டெனாவோ ஒன்றுதான். அனுப்பும் சக்தி 24 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல் அளவு), அதாவது கால் வாட். வாங்க வேண்டிய சிக்னல் ஒரு வாட்டின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கை விடவும் கீழே. வாங்கிய சிக்னலை சிப்பிலேயே பிறக்கும் எல்ஓ அலையோடு பெருக்கித் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறக்கும் சுற்றுதான் மிக்சர். ரிசீவர் மிக்சர் வடிவமைப்பைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல களம் எனக்குத் தெரியவில்லை. நல்ல மிக்சர் என்று நாம் சொல்வதற்கெல்லாம் இங்கே சோதனை வருகிறது.

தொடக்க கால 3ஜி ரிசீவர்களில் எல்என்ஏவுக்கும் (வாசலில் உள்ள குறை-இரைச்சல் பெருக்கி) மிக்சருக்கும் நடுவே, சிப்புக்கு வெளியே, ஒரு சா ஃபில்டர் (பரப்பு ஒலி அலையால் இயங்கும் வடிப்பான்) இருந்தது. டிரான்ஸ்மிட்டரிலிருந்து கசிந்து வரும் சிக்னலை அது 30 டெசிபெல் அளவில் வெட்டிவிடும். ஆனால் அதற்குத் தனி விலை, போர்டில் தனி இடம், சிப்பிலிருந்து வெளியே போய்த் திரும்ப உள்ளே வரக் கூடுதல் பின்கள். ஒரு கைபேசியில் நான்கைந்து பேண்ட் வந்ததும் பேண்டுக்கு ஒன்று என்று சா ஃபில்டர்களை அடுக்குவது கட்டுப்படியாகவில்லை. அதனால் அதை எடுத்துவிட முடிவு செய்தார்கள். அது செய்துவந்த வேலை மிக்சரின் தலையில் விழுந்தது. அந்த ஒரு முடிவு மிக்சரின் அமைப்பையே எப்படி மாற்றியது என்பதுதான் இந்த ஆய்வு.

கணக்கு எங்கே தொடங்குகிறது

3ஜிபிபி தரநிலைப்படி குறைந்தபட்சம் பிடிக்க வேண்டிய குரல் சானல் −117 டிபிஎம். 12.2 கிலோபிட் குரலை 3.84 மெகாசிப் வேகத்தில் விரிப்பதால் 25 டெசிபெல் லாபம் கிடைக்கிறது. டிகோட் செய்ய 7 டெசிபெல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஆன்டெனாவில் தாங்கக்கூடிய மொத்த இரைச்சல் −99 டிபிஎம். 3.84 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வெப்ப இரைச்சல் மட்டுமே −108 டிபிஎம். ஆக ரிசீவருக்கு 9 டெசிபெல் இரைச்சல் எண் (ரிசீவரால் இரைச்சல் எவ்வளவு கூடுகிறது என்பதன் அளவு) இருக்கலாம். டியூப்ளெக்சரும் (ஒரே ஆன்டெனாவில் அனுப்பும் சிக்னலையும் வாங்கும் சிக்னலையும் பிரிக்கும் வடிப்பான்) ஆன்டெனா சுவிட்சும் சுமார் 3 டெசிபெலைத் தின்றுவிட்டால், சிப்புக்கு மிஞ்சுவது 6.

இதுவரை பயப்பட ஒன்றுமில்லை. சிக்கல் டிரான்ஸ்மிட்டர் கசிவில் இருக்கிறது. 24 டிபிஎம் அனுப்பும்போது டியூப்ளெக்சர் 50 டெசிபெல் தடுத்தால் எல்என்ஏ வாசலில் −26 டிபிஎம் நிற்கும். உணர்திறன் சோதனையும் டிரான்ஸ்மிட்டர் முழுச் சக்தியில் ஓடும்போதுதான் நடக்கிறது. 190 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும் சிக்னல் நமக்கு ஏன் கவலை தர வேண்டும்? சிக்னலை ஒரே படியில் பேஸ்பேண்டுக்கு, அதாவது பூஜ்யம் ஹெர்ட்ஸ் அருகே, இறக்கும் நேரடி மாற்ற ரிசீவரில் மிக்சரின் இரண்டாம் வரிசை வளைவு அந்தக் கசிவின் வீச்சை வர்க்கப்படுத்துகிறது. வர்க்கப்படுத்தினால் கேரியர் மறைந்து, வீச்சின் ஏற்ற இறக்கம் மட்டும் பேஸ்பேண்டில், பூஜ்யம் ஹெர்ட்ஸை ஒட்டி வந்து உட்காரும். நமது சிக்னலும் அங்கேதான் இறங்குகிறது. பிறகு எந்த ஃபில்டராலும் இரண்டையும் பிரிக்க முடியாது.

எல்என்ஏ வாசலில் தாங்கக்கூடிய இரைச்சல் −102 டிபிஎம். இந்தக் குப்பை அதற்கு 10 டெசிபெல் கீழே, −112-இல் இருக்க வேண்டும் என்று கேட்போம். இரண்டாம் வரிசை வளைவை அளக்கும் எண் ஐஐபி2, அது எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. எளிய சூத்திரத்தில் அது கசிவின் இருமடங்கிலிருந்து குப்பையைக் கழித்தால் வருவது: −52 கழித்தல் −112, அதாவது +60 டிபிஎம். எல்என்ஏவின் சொந்த இரண்டாம் வரிசைக் குப்பை தாழ்ந்த அதிர்வெண்ணில் பிறப்பதால் கப்ளிங் கெப்பாசிட்டரிலேயே நின்றுவிடும். பழி முழுவதும் மிக்சர் மேல்தான். எல்என்ஏ கெயின் 15 டெசிபெல் என்றால் மிக்சர் வாசலில் தேவை +75 டிபிஎம். உண்மையான கசிவு, சூத்திரம் எடுத்துக்கொள்ளும் இரண்டு டோன் (தனி அதிர்வெண் அலை) போல ஆழமாக ஏறி இறங்காது, குப்பையில் ஒரு பகுதி டிசியாகவும் சானலுக்கு வெளியேயும் போய்விடும் என்பதால் இந்த எண் பல டெசிபெல் தளரும். தளர்ந்த பிறகும் அது கடுமையான எண்தான்.

சா ஃபில்டர் இருந்தபோது ஏன் யாரும் இதைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை என்பது இப்போது புரியும். கசிவு 30 டெசிபெல் குறைந்தால் இரண்டாம் வரிசைக் குப்பை 60 டெசிபெல் குறையும்.

கில்பர்ட் செல் எங்கே திணறுகிறது

பேரி கில்பர்ட் தன் நான்கு கால்பகுதிப் பெருக்கியை 1968-இல் வெளியிட்டார். துல்லியமாகப் பெருக்குவதுதான் அவருடைய நோக்கம். ரேடியோக்காரர்கள் அதன் மையப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மேலே உள்ள நான்கு டிரான்சிஸ்டர்களை சுவிட்சாக அடித்து மிக்சராக்கினார்கள். கீழே ஒரு ஜோடி வோல்டேஜை மின்னோட்டமாக்கும், மேலே உள்ளவை அதை எல்ஓ தாளத்தில் திருப்பிப் போடும், அதற்கும் மேலே லோடு ரெசிஸ்டர். கெயின் உண்டு, எல்ஓவும் ஆர்எஃப்பும் (ஆன்டெனா பக்க உயர் அதிர்வெண் சிக்னல்) ஒன்றுக்கொன்று கசியாது, எல்ஓ மென்மையாக இருந்தாலும் போதும். பைபோலார் காலத்தில் இதற்கு ஈடு இல்லை.

சிமாஸில் அதன் முதல் நோய் ஃபிளிக்கர் இரைச்சல், அதாவது அதிர்வெண் குறையக் குறையக் கூடும் இரைச்சல். 2000-ஆம் ஆண்டு ஹூமன் தராபியும் அசாத் அபிதியும் இதற்குக் கொடுத்த விளக்கம் இந்தத் துறையின் அழகான கைக்கணக்குகளில் ஒன்று. சுவிட்ச் டிரான்சிஸ்டரின் ஃபிளிக்கர் வோல்டேஜ் மெதுவாக நகரும் ஒரு ஆஃப்செட் போன்றது. அது எல்ஓ அலை பூஜ்யத்தைக் கடக்கும் நேரத்தைச் சற்றே தள்ளிவிடுகிறது. தள்ளிய அந்த நேரத்துக்கு முழு மின்னோட்டமும் தவறான பக்கம் போகிறது. ஒரு சுற்றில் இரண்டு முறை இப்படி நடப்பதால், வெளியே வரும் இரைச்சல் மின்னோட்டம் நான்கு மடங்கு பயாஸ் (நிலையான டிசி) மின்னோட்டம் பெருக்கல் ஃபிளிக்கர் வோல்டேஜ், வகுத்தல் எல்ஓ சரிவு, வகுத்தல் ஒரு சுற்றின் நேரம். அது எந்த அதிர்வெண்ணுக்கும் மாறாமல் அப்படியே பேஸ்பேண்டில் நிற்கும்.

இதை சைன் எல்ஓவுக்கு எழுதி, கீழ் ஜோடியின் கெயினால் வகுத்து வாசலுக்குக் கொண்டுவந்தால் ஒரு வியப்பு. பயாஸ் மின்னோட்டம் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது ஃபிளிக்கர் வோல்டேஜ் பெருக்கல் கீழ் ஜோடியின் ஓவர்டிரைவ் (கேட் வோல்டேஜ், டிரான்சிஸ்டர் கடத்தத் தொடங்கும் த்ரெஷோல்டைத் தாண்டும் அளவு), வகுத்தல் எல்ஓ வீச்சின் நான்கு மடங்கு. ஓவர்டிரைவ் 0.2 வோல்ட், எல்ஓ வீச்சு ஒரு பக்கத்துக்கு 0.5 வோல்ட் என்றால் பத்தில் ஒரு பங்கு. சுவிட்சில் 10 கிலோஹெர்ட்ஸில் 50 நானோவோல்ட் இருந்தால் மிக்சர் வாசலில் 5, எல்என்ஏ கெயினைக் கழித்தால் 0.9 நானோவோல்ட். மேட்ச் செய்த 50 ஓம் வாசலில் ஆன்டெனா தருவதே 0.45தான். ஆக அந்த அதிர்வெண்ணில் சுவிட்சின் ஃபிளிக்கர், வீச்சில் ஆன்டெனா இரைச்சலைப் போல இரண்டு மடங்கு.

மின்னோட்டத்தைக் கூட்டிப் பார்த்தால் பயனில்லை என்று இந்தச் சமன்பாடு முகத்துக்கு நேரே சொல்கிறது. ஓவர்டிரைவைக் குறைத்தால் நேரியல்பு போகும். எல்ஓவைக் கூட்டலாம், ஆனால் 1.2 வோல்ட் சப்ளையில் கீழ் ஜோடி, சுவிட்ச், லோடு என மூன்று மாடி கட்டியாயிற்று. 2 மில்லிஆம்பியர் 300 ஓம் லோடில் ஓடினாலே 0.6 வோல்ட் காலி. சுவிட்ச் அகலத்தைக் கூட்டினால் ஃபிளிக்கர் குறையும், கூடவே சுவிட்சுகளின் பொது சோர்ஸ் முனையில் கெப்பாசிட்டன்ஸ் ஏறும். அது வழியாக இதே ஃபிளிக்கர் இன்னொரு பாதையில் வெளியே வரும். ஒரு பக்கக் கிளையில் டிசியைத் திருப்பி சுவிட்ச் மின்னோட்டத்தைக் குறைக்கும் முறையும் உண்டு. அப்போது சுவிட்சின் உள்நோக்கு இம்பிடன்ஸ் ஏறி, அதே கெப்பாசிட்டன்ஸ் இன்னும் அதிகமாகத் தொல்லை தரும்.

3ஜியின் பேஸ்பேண்ட் 1.92 மெகாஹெர்ட்ஸ் வரை போவதால் இந்த நோயை ஓரளவு சகித்துக்கொள்ளலாம். ஆனால் அதே சிப் 200 கிலோஹெர்ட்ஸ் அகல ஜிஎஸ்எம்-ஐயும் வாங்க வேண்டும். அங்கே முழு சானலும் ஃபிளிக்கருக்குள் மூழ்கிவிடும்.

இரண்டாம் நோய் ஐஐபி2. முழுச் சமச்சீர் இருந்தால் இரண்டாம் வரிசைக் குப்பை இரண்டு பக்கமும் ஒரே அளவில் வந்து, வித்தியாசத்தில் ரத்தாகிவிடும். சுவிட்சுகளின் த்ரெஷோல்டில் சில மில்லிவோல்ட் வேறுபாடு இருந்தாலே அந்த ரத்து கெட்டுப்போகும். மன்ஸ்ட்ரெட்டா, பிராண்டோலினி, ஸ்வெல்டோ மூவரும் 2003-இல் இதன் காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: ஆர்எஃப் சிக்னல் எல்ஓ பக்கம் கசிந்து தன்னோடு தானே பெருகுவது, கீழ் ஜோடியின் தாழ்அதிர்வெண் குப்பை பொருந்தாத சுவிட்சுகள் வழியாக ஊடுருவுவது, சுவிட்ச் ஜோடியே பொது முனையின் கெப்பாசிட்டன்ஸோடு சேர்ந்து வளைவது. மூன்றாவதுதான் அதிர்வெண் ஏற ஏற மோசமாகும். அந்தக் கெப்பாசிட்டன்ஸை இண்டக்டரால் ஒத்திசைத்து அடக்கலாம். 2006-இல் பிராண்டோலினி குழு +78 டிபிஎம் ஐஐபி2 கொண்ட யுஎம்டிஎஸ் (3ஜி) மிக்சரை அறிவித்தது. நமது +75 கணக்குக்கு அது போதும். கில்பர்ட் வகையைக் கடைசி வரை செதுக்கினால் எங்கே போகலாம் என்பதற்கு அது சான்று. ஆனால் பேண்டுக்குப் பேண்ட் ஒத்திசைவு மாறும், இண்டக்டர் சிப்பில் இடம் பிடிக்கும். பல பேண்ட் சிப்புக்கு அந்தப் பாதை கனமானது என்பது என் கருத்து.

டிசியை நிறுத்திவிட்டால்

தராபி–அபிதி சமன்பாட்டை மறுபடி பாருங்கள். வெளியே வரும் இரைச்சல் சுவிட்சின் பயாஸ் மின்னோட்டத்துக்கு நேர்விகிதம். சுவிட்ச் வழியே டிசி ஓடாவிட்டால் அது பூஜ்யம். அப்படியானால் கீழ் ஜோடிக்கும் சுவிட்சுக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டரை வைத்து டிசியை வெட்டிவிடலாம். சுவிட்ச் வெறும் என்மாஸ், டிரெய்னிலும் சோர்ஸிலும் ஒரே வோல்டேஜ். லோடு ரெசிஸ்டருக்குப் பதில், மின்னோட்டத்தை வாங்கி வோல்டேஜாக்கும் ஓப்ஆம்ப், அதாவது டிஐஏ. இதுதான் மின்னோட்ட வகை பாசிவ் மிக்சர்.

இதனால் ஐஐபி2-க்கும் நன்மை. கீழ் நிலையில் பிறக்கும் தாழ்அதிர்வெண் குப்பை கெப்பாசிட்டரைத் தாண்டாது. அதைவிடப் பெரிய நன்மை, வோல்டேஜ் வீச்சு எங்கும் பெரிதாவதில்லை என்பது. −26 டிபிஎம் கசிவு 50 ஓமில் 16 மில்லிவோல்ட் உச்சம். பழைய அமைப்பில் 15 டெசிபெல் கெயினுக்குப் பின் அது கில்பர்ட்டின் கேட்டில் 90 மில்லிவோல்ட்டாக வந்து நிற்கும். புதிய அமைப்பில் 60 மில்லிசீமன்ஸ் எல்என்ஏ அதை ஏறக்குறைய 1 மில்லிஆம்பியராக மாற்றி, 25 ஓம் போன்ற தாழ்ந்த சுமைக்குள் தள்ளுகிறது. வீச்சு 25 மில்லிவோல்ட்தான். வோல்டேஜ் கெயின் முழுவதும் டிஐஏவில், கசிவை வடித்த பிறகு கிடைக்கிறது. சா ஃபில்டரை எடுத்தபின் செய்ய வேண்டிய முதல் வேலை இந்த வரிசை மாற்றம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த 25 ஓம் எங்கிருந்து வருகிறது? பாசிவ் மிக்சர் இரண்டு திசையிலும் கடத்தும். பேஸ்பேண்டில் உள்ள இம்பிடன்ஸ் எல்ஓ அதிர்வெண்ணுக்கு ஏறி ஆர்எஃப் பக்கம் தெரியும். நான்கு கட்ட அமைப்பில் அதன் அளவு, சுவிட்ச் ரெசிஸ்டன்ஸோடு பேஸ்பேண்ட் இம்பிடன்ஸில் ஐந்தில் ஒரு பங்கு. டிஐஏ வாசலில் 20 பிகோஃபாரட் வைத்தால் 190 மெகாஹெர்ட்ஸில் அது 42 ஓம், ஆர்எஃப் பக்கம் 8 ஓம் சொச்சம். சுவிட்சின் 15 ஓமைச் சேர்த்தாலும் 25-ஐத் தாண்டாது. கசிவு அந்தக் கெப்பாசிட்டர் வழியாக இறங்கிப் போகிறது. எல்ஓவை நகர்த்தினால் வடிப்பும் கூடவே நகர்கிறது. வெளியே இருந்த சா ஃபில்டரின் வேலையில் ஒரு பங்கை ஒரு கெப்பாசிட்டரும் நான்கு சுவிட்சும் செய்கின்றன. இந்தக் கொள்கை 1960-இல் ஃபிராங்க்ஸும் சாண்ட்பெர்க்கும் எழுதிய என்-பாத் ஃபில்டர்தான், நல்ல சுவிட்சுக்காக அரை நூற்றாண்டு காத்திருந்தது. இவ்வகைச் சுற்றுகளைக் கையால் கணக்கிட விரும்புவோருக்கு, சென்னை ஐஐடியின் சாந்தி பவனும் ட்வென்டே பல்கலைக்கழகத்தின் எரிக் க்ளும்பெரிங்கும் சேர்ந்து தந்த அட்ஜாயின்ட் வலையமைப்பு முறையை நான் பரிந்துரைப்பேன். பக்கம் பக்கமாகப் போகும் கணக்கு அதில் சில வரிகளில் முடிகிறது.

பாதியா, காலா

எல்ஓவில் கால் சுற்று தள்ளி ஓடும் ஐ, க்யூ என்ற இரண்டு பாதைகளுக்கும் தனித்தனி மிக்சர் வைத்து, ஒரே எல்என்ஏவின் மின்னோட்டத்தை இரண்டுக்கும் ஊட்டுகிறோம். எல்ஓ வழக்கமான 50 சதவீத அலையாக இருந்தால், எந்த நொடியிலும் ஒரு ஐ சுவிட்சும் ஒரு க்யூ சுவிட்சும் சேர்ந்தே திறந்து மின்னோட்டத்தைக் கடத்தும். இருதிசைக் கடத்தலின் விலையை இங்கே கொடுக்க வேண்டிவரும். ஐ பக்க டிஐஏவும் க்யூ பக்க டிஐஏவும் சுவிட்சுகள் வழியாகக் கைகோத்துக்கொள்கின்றன. ஒன்றின் இரைச்சல் மற்றொன்றுக்குப் போகிறது. எல்ஓவுக்கு மேலே உள்ள சிக்னலுக்கு ஒரு கெயின், கீழே உள்ளதற்கு வேறொரு கெயின் என்ற விபரீதமும் வருகிறது. ஐஐபி2, ஐஐபி3 (மூன்றாம் வரிசை வளைவுக்கான அதே அளவுகோல்) இரண்டும் சரிகின்றன.

25 சதவீத எல்ஓவில் நான்கு கட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எப்போதும் ஒரே ஒரு கட்டம்தான் திறந்திருக்கும், மின்னோட்டம் முழுவதும் அதற்கே. கெயின் 3 டெசிபெல் கூடுகிறது. மிர்ஸாயி, தராபி குழு இதை முழுக் கணக்கோடு காட்டியது. ஹார்மோனிக்குகளிலிருந்து மடிந்து வரும் இரைச்சல் 0.9 டெசிபெல் அளவில் கூடுவதைத் தவிர்க்க முடியாது, அது இந்த நான்கு கட்ட அமைப்பின் கூடவே பிறந்தது.

விலை எல்ஓ பக்கம். 2140 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுற்று 467 பிகோசெகண்ட், கால் பங்கு 117. ஏறவும் இறங்கவும் 20 பிகோசெகண்ட் என்றால் மிஞ்சும் தட்டையான பகுதி கொஞ்சம்தான். அடுத்தடுத்த கட்டங்கள் சில பிகோசெகண்ட் உரசினாலும் மேலே சொன்ன கைகோர்ப்பு திரும்பி வந்துவிடும். விசிஓவை (எல்ஓ அலைக்கு மூலமான ஆசிலேட்டர்) இரட்டிப்பு அதிர்வெண்ணில், 4.22 முதல் 4.34 கிகாஹெர்ட்ஸில் ஓட்டி, இரண்டால் வகுத்து, ஆண்ட் கேட்டுகளால் கால் பங்குத் துடிப்புகளை வெட்டி எடுப்பது வழக்கம். சுவிட்ச் கேட்டும் வயரும் சேர்ந்து 400 ஃபெம்டோஃபாரட் என்றால் 1.2 வோல்ட்டில் கடைசிப் படிக்கு மட்டும் 1.2 மில்லிவாட், அதற்கு முந்தைய பஃபர்களும் டிவைடரும் அதன் மேல் பல மடங்கு. மிக்சருக்கு டிசி மின்சாரமே வேண்டாம் என்று சந்தோஷப்படுபவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பஃபர்களில் கஞ்சத்தனமும் கூடாது. 190 மெகாஹெர்ட்ஸ் தள்ளி எல்ஓவின் கட்ட இரைச்சல் ஹெர்ட்ஸுக்கு −150 டிபிசியாக (எல்ஓ சக்தியோடு ஒப்பிட்ட டெசிபெல்) இருந்தால், −26 டிபிஎம் கசிவோடு அது பெருகி ஹெர்ட்ஸுக்கு −176 டிபிஎம் இரைச்சலை நம் சானலில் போடும். வெப்ப இரைச்சல் −174. இரண்டும் ஏறக்குறைய சமம். −160-க்குக் கொண்டுவந்தால் தொல்லை விட்டது. இவ்வளவு தூரத்தில் அந்த எண்ணைத் தீர்மானிப்பது விசிஓ அல்ல, டிவைடரும் பஃபரும்தான்.

டிஐஏவுக்கு இடம்பெயர்ந்த பிரச்சினை

சுவிட்சிலிருந்து விரட்டிய ஃபிளிக்கர் ஓப்ஆம்ப்பின் வாசலில் வந்து நிற்கிறது. அங்கே பெரிய பிமாஸ் ஜோடி போடலாம், பேஸ்பேண்டில் வேகம் தேவையில்லை என்பதால் அது முடிகிறது. ஆனால் ஓப்ஆம்ப் தன் வாசலிலிருந்து பின்னோக்கிப் பார்க்கும்போது என்ன தெரிகிறது? எல்என்ஏ வெளிமுனையின் ஒட்டுக் கெப்பாசிட்டன்ஸை சுவிட்சுகள் ஒவ்வொரு சுற்றிலும் ஏற்றி இறக்குவதால், அது ஒரு ரெசிஸ்டர் போலத் தெரிகிறது. 200 ஃபெம்டோஃபாரட் என்றால் 2.3 கிலோஓம் சுற்றுவட்டாரம். பின்னூட்ட ரெசிஸ்டர் 5 கிலோஓம் என்றால் ஓப்ஆம்ப் இரைச்சல் மூன்று மடங்காகி வெளியே வரும். ஆக, எல்என்ஏ வெளிமுனையில் லேஅவுட்காரர் இழுக்கும் ஒவ்வொரு மைக்ரான் வயரும் பேஸ்பேண்ட் இரைச்சலில் தெரியும். சுவிட்சைப் பெரிதாக்கினால் ரெசிஸ்டன்ஸ் குறையும், இந்த ஒட்டுக் கெப்பாசிட்டன்ஸ் கூடும், எல்ஓ செலவும் ஏறும். எனவே சுவிட்சின் அகலத்தை மிக்சரை மட்டும் சிமுலேட் செய்து முடிவு செய்ய முடியாது. எல்என்ஏ, எல்ஓ பஃபர், டிஐஏ மூன்றையும் ஒரே டெஸ்ட்பெஞ்சில் வைத்துத்தான் அகலத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஐஐபி2. இவ்வளவு செய்த பிறகும் சுவிட்சுகளின் த்ரெஷோல்ட் வேறுபாடு இருக்கத்தான் செய்யும், அது சிப்புக்குச் சிப் மாறும். அதனால் சுவிட்ச் கேட்டின் டிசி பயாஸை ஒரு சிறிய டாக் (டிஜிட்டல் குறியீட்டை வோல்டேஜாக்கும் சுற்று) கொண்டு மில்லிவோல்ட் கணக்கில் நகர்த்தி, குப்பை ஒரு குழிபோல் குறையும் புள்ளியைத் தேடுகிறார்கள். 1950 மெகாஹெர்ட்ஸ் அருகே 1 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டு டோன் கொடுத்து, வெளியே 1 மெகாஹெர்ட்ஸில் என்ன தெரிகிறது என்று பார்த்தால் போதும். ஐக்கும் க்யூவுக்கும் தனித்தனிக் குறியீடு வரும். அறை வெப்பநிலையில் கண்டுபிடித்த அந்தக் குழி மிகக் கூர்மையானது, சூடு ஏறினால் நகரும். அதனால் குழியின் ஆழத்தை டேட்டாஷீட்டில் போடுவதை விட, மைனஸ் முப்பதிலிருந்து எண்பத்தைந்து டிகிரி வரை குறியீட்டை மாற்றாமல் அளந்து, அதில் மிக மோசமான எண்ணைப் போடுவதே நேர்மை. அளக்கும்போது கேட் பயாஸ் கம்பிகள் எல்ஓ கம்பிகளுக்குப் பக்கத்தில் ஓடுகின்றனவா என்பதையும் லேஅவுட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடினால், எல்ஓ பேண்டின் ஒரு முனையில் கண்டுபிடித்த குறியீடு மறுமுனையில் செல்லாது.